மே மாத மாடியும் கால் பவுன் படிகமும்

"புதுசா ஒரு பேனல் வருதாமே, இப்ப இருக்கிறதைவிட ரொம்ப ஒசத்தியாமே. அது வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாமா?"

மாடியில் சோலார் போட நினைப்பவர்கள் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் தொடங்கி, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று ஆன பிறகு, பெரம்பலூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய வாலிகண்டபுரம் போன்ற ஊர்களுக்கும் இது நேரடியான கேள்வி. புதிய பேனலின் பெயர் பெரோவ்ஸ்கைட். வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். விஷயத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டால், பொறுப்பதா போடுவதா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

1839-இல் ரஷ்யாவின் உரால் மலைப்பகுதியில் கிடைத்த ஒரு கனிமத்தை ஜெர்மானியர் குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்து, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார். கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம் அது. மூலப்பொருள்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் டைட்டானியம் இருக்கிறது. ஆனால் சூரியக் கலத்தில் இருப்பது இந்தக் கனிமம் அல்ல. அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை மட்டும்தான் அதனுடையது. வீட்டின் கட்டமைப்பு அதே, குடியிருப்பவர்கள் வேறு.

சூரியக் கலத்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் ஈயமும் அயோடினும். ஓர் ஈய அணு, அதைச் சுற்றி மேலே, கீழே, நான்கு பக்கமும் என்று ஆறு அயோடின். இப்படி ஒவ்வொரு ஈயமும் எண்முகி வடிவில் நிற்கும், பக்கத்து எண்முகியை முனையோடு முனையாகத் தொட்டுக்கொள்ளும். எட்டு எண்முகிகளுக்கு நடுவே ஒரு கூண்டு உண்டாகும். அந்தக் கூண்டுக்குள் இன்னோர் அயனி உட்காரும். உள்ளே உட்காரும் அந்த அயனியின் அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் சிக்கலில் பாதி அதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தப் படிகத்தின் மேல் உலகத்துக்கு இவ்வளவு ஆசை வரக் காரணம், அது ஒளியை விழுங்கும் வேகம். இன்றைய சிலிக்கான் தகடு சுமார் 150 மைக்ரான் தடிமன். பெரோவ்ஸ்கைட்டுக்கு அரை மைக்ரான் போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் அந்தப் படலத்தை மட்டும் சுரண்டி எடுத்தால் எடை ஏறத்தாழ 2 கிராம், அதாவது கால் பவுன். சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்கிப் படிகமாக வளர்த்து, ரம்பக் கம்பியால் மெலிதாக அறுக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டை மை மாதிரிக் கரைத்துக் கண்ணாடியில் பூசி, 100 முதல் 150 டிகிரியில் சிறிது நேரம் சுட்டால் படிகமாகிவிடும். நம் வீட்டு அடுப்புக்கே எட்டுகிற சூடு.

வெயில் எப்படி மின்சாரமாகிறது என்பதற்குக் கிணற்றையே எடுத்துக்கொள்ளலாம். கிணற்றுத் தண்ணீர் வயலுக்குப் போக வேண்டுமானால் அதை வாய்க்கால் மட்டத்துக்கு ஏற்ற வேண்டும். அதற்குக் குறைவாக ஏற்றினால் தண்ணீர் கிணற்றிலேயே விழும். தேவைக்கு மேல் பத்தடி உயரத்துக்குப் பீய்ச்சினாலும் வாய்க்காலில் ஓடப்போவது வாய்க்கால் மட்டத்தில்தான், மீதி உயரத்துக்குச் செலவான சக்தி வீண். சூரியக் கலத்தில் தண்ணீருக்குப் பதில் எலக்ட்ரான், மோட்டாருக்குப் பதில் ஒளி. சிவப்பு ஒளியின் உந்தல் குறைவு, நீல ஒளியின் உந்தல் அதிகம். சிலிக்கானின் வாய்க்கால் தாழ்வானது, 1.1 எலக்ட்ரான் வோல்ட். சிவப்பைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒரு பகுதி கூட அதில் ஏற்றிவிடும். ஆனால் நீல ஒளியின் சக்தியில் பாதிக்கு மேல் வெறும் சூடாகப் போய்விடும். பெரோவ்ஸ்கைட்டின் வாய்க்கால் சற்று உயரம், சுமார் 1.55.

இந்தக் கணக்கை 1961-இல் ஷாக்லி, குவைசர் என்ற இருவர் போட்டுப் பார்த்தார்கள். ஒரே வாய்க்கால் வைத்த கலம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் வெயிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க முடியாது என்று தெரிந்தது. இன்றைய கணக்கில் அது 33.7 சதவீதம். எதிரே நிற்பவரின் பலத்தில் பாதி வாலிக்கு வந்துவிடும் என்பது கதை. அந்த வாலி வழிபட்ட தலம் என்று சொல்லப்படும் வாலீஸ்வரர் கோயிலால்தான் வாலிகண்டபுரத்துக்கே அந்தப் பெயர். சூரியனை எதிர்த்து நிற்கும் கலத்துக்கு அந்த வரம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

2009-இல் ஜப்பானின் யோகோஹாமா டோயின் பல்கலைக்கழகத்தில் மியாசாகாவின் குழு முதல் பெரோவ்ஸ்கைட் கலத்தை அறிவித்தபோது அதன் செயல்திறன் 3.8 சதவீதம். உள்ளே இருந்த திரவமே படிகத்தைக் கரைத்ததால் சில நிமிடங்களில் செத்துப்போனது. 2012-இல் தென்கொரியாவின் பார்க், சுவிட்சர்லாந்து லோசானின் கிரேட்செல், ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்னெயித் ஆகியோரின் குழுக்கள் திரவத்தை எடுத்துவிட்டுத் திடப்பொருள் வைத்து 10 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்தன. இன்று சோதனைக்கூடச் சாதனை 26-ஐத் தாண்டிவிட்டது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 6 சதவீதத்தில் தொடங்கிய சிலிக்கான், இந்த இடத்துக்கு வர 60 ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சாதனைகளெல்லாம் விரல் நகத்தளவு கலங்களில் எட்டியவை. கதவு அளவுக்குப் பெரிதாக்கும்போது பூச்சு எங்காவது ஓரிடத்தில் சீரற்றுப் போகும், செயல்திறன் இறங்கும்.

3.8 எப்படி 26 ஆனது? பெரும்பாலும் வாய்க்கால் கரையை அடைத்துத்தான். ஏற்றிய தண்ணீர் வயல் போய்ச் சேரும் முன் எலி வளையிலும் நண்டு வளையிலும் கசிந்தால் என்ன ஆகும்? கலத்திலும் அதுதான். படிகத்தில் ஓர் அயோடின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் அது ஒரு வளை. படிகத் துணுக்குகள் ஒன்றையொன்று ஒட்டும் ஓரங்களிலும், படலத்தின் மேல்பரப்பிலும் வளைகள் அதிகம். மேலே ஏறிய எலக்ட்ரான் அங்கே விழுந்து, வெளியே போகாமலேயே சூடாகி அடங்கிவிடும். மற்றப் பொருள்களோடு ஒப்பிட்டால் பெரோவ்ஸ்கைட் இந்தக் குறைகளை ஆச்சரியப்படும்படி பொறுத்துக்கொள்கிறது. சிலிக்கானில் இவ்வளவு ஓட்டை இருந்தால் அது கலமாகவே வேலை செய்யாது. ஆனாலும் கடைசி ஐந்தாறு சதவீதத்தைப் பிடிக்க வளைகளைத் தேடித் தேடி அடைக்க வேண்டியிருந்தது. அம்மோனியம் வகை உப்புகளை மெலிதாகப் பூசினால், அந்த மூலக்கூறுகள் காலியான இடங்களில் போய் உட்கார்ந்து கரையை மெழுகிவிடுகின்றன.

எலக்ட்ரானை வெளியே கொண்டுபோகும் அடுக்குகளும் மாறின. முதலில் டைட்டானியம் டையாக்சைடு, நாம் வெள்ளைப் பெயின்ட்டில் பார்க்கும் அதே பொருள். அதைச் சுட 450 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். போதாததற்கு, புற ஊதாக் கதிர் பட்டால் அது பக்கத்திலிருக்கும் பெரோவ்ஸ்கைட்டையே அரிக்கத் தொடங்கும். அதனால் பல ஆய்வுக்கூடங்கள் வெள்ளீய ஆக்சைடுக்கு மாறின. கலத்தின் இன்னொரு பக்கத்துக்கு, லிதுவேனியாவின் கவுனாஸிலும் பெர்லினிலும் இருந்த ஆய்வாளர்கள் ஒரே ஒரு மூலக்கூறு தடிமன் உள்ள அடுக்கை உருவாக்கினார்கள். தானாகவே வரிசையில் நின்றுகொள்ளும் மூலக்கூறுகள் அவை. அண்மைக்காலச் சாதனைகள் பலவற்றுக்கு அடியில் அந்த அடுக்குதான் இருக்கிறது.

செயல்திறன் கதை இதோடு ஏறத்தாழ முடிந்தது. இனி ஆயுள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் நம் ஊர் வெயில் இங்கேதான் கதைக்குள் வருகிறது.

வாலியைக் கொன்றவர் மறைந்து நின்றார். பெரோவ்ஸ்கைட்டின் பகைவர்களும் மறைந்து நிற்பவர்கள்தான், சிலர் படிகத்துக்கு உள்ளேயே.

மே மாத மத்தியானம் பெரம்பலூர் பக்கம் காற்றே 40 டிகிரி. மொட்டைமாடியில் வெயிலைக் குடித்துக்கொண்டிருக்கும் பேனல் எளிதாக 65 டிகிரியைத் தொடும். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரியில் அளந்தது. சிலிக்கான் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ 0.3 முதல் 0.35 சதவீதம் இழக்கும். 40 டிகிரி வித்தியாசத்துக்கு 12 முதல் 14 சதவீதம் போய்விடும். உச்சி வெயிலில் உங்கள் 3 கிலோவாட் 2.6-ஆக நிற்பது இதனால்தான். பெரோவ்ஸ்கைட் சூட்டினால் இழப்பது இதில் பாதி அளவோ அதற்கும் குறைவோதான். நமக்கு இது பெரிய வரம்.

வரத்தோடு சாபமும் வருகிறது. முதலில் பிரபலமான பெரோவ்ஸ்கைட்டில் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது மெத்தில் அம்மோனியம். அந்தப் படிகம் ஏறத்தாழ 55 டிகிரியில் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். கீழே ஒரு வடிவம், மேலே ஒரு வடிவம். குளிர்நாட்டுக் கூரையில் அந்த எல்லை ஆண்டில் சில நாள் தாண்டப்படலாம். வாலிகண்டபுரத்து மாடியில் கோடை முழுக்க தினமும் காலையில் ஒரு முறை ஏறித் தாண்டும், மாலையில் ஒரு முறை இறங்கித் தாண்டும். போதாததற்கு, சூடேறினால் பெரோவ்ஸ்கைட் விரிவதும் கண்ணாடி விரிவதைவிடப் பல மடங்கு அதிகம். தினம் விரிந்து தினம் சுருங்கும் படலம், விரியாத கண்ணாடியில் ஒட்டியிருந்தால் எங்காவது வெடிப்பு விடும். 85 டிகிரியில் இன்னொன்றும் நடக்கிறது. மெத்தில் அம்மோனியம் ஆவியாகி வெளியேறத் தொடங்க, கூண்டு காலியாகி, கறுப்புப் படலம் மஞ்சள் நிற ஈய அயோடைடாக மாறிவிடும். மஞ்சளானால் அது வெயிலை விழுங்காது.

சரி, சூட்டைத் தாங்கும் வேறு ஒன்றைக் கூண்டில் வைப்போம் என்று ஃபார்மமிடினியத்தை வைத்தார்கள். சூட்டைத் தாங்கியது. ஆனால் அது கூண்டுக்குக் கொஞ்சம் பெரியது. சாதாரணச் சூட்டில் கூண்டு நெளிந்து, படிகம் வேறொரு மஞ்சள் வடிவத்துக்குச் சரிந்தது. சீசியத்தை வைத்துப் பார்த்தார்கள். அது கூண்டுக்குச் சிறியது, அதுவும் சரிந்தது. பெரியதோடு சிறியதைக் கொஞ்சம் கலந்தால்? நின்றது. 2016-இல் லோசானில் மூன்று அயனிகளையும் அளவாகக் கலந்த கலவை 21 சதவீதத்தோடு, முன்னவற்றைவிட நெடுநேரம் நின்று காட்டியது. இன்றைய நல்ல கலங்களில் பெரும்பாலானவை ஃபார்மமிடினியத்தையும் சீசியத்தையும் அடிப்படையாகக் கொண்டவை, மெத்தில் அம்மோனியத்தை முடிந்தவரை விலக்குபவை. சமையலில் உப்புப் புளியைச் சரி பார்க்கிற வேலை இது. ஆனால் ஒவ்வொரு ருசி பார்ப்புக்கும் சில மாதம் ஆகும்.

அடுத்த பகைவர், இடம்விட்டு இடம் போகும் அயோடின். திடப்பொருள் என்றாலும் இந்தப் படிகத்தில் அயோடின் அயனிகள் ஒரு காலியிடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். சூடும் வெளிச்சமும் கூடக் கூடத் தாவலும் கூடும். போய் உலோக முனையை அரிக்கும், அல்லது ஓர் ஓரத்தில் குவியும். வாய்க்காலை உயர்த்துவதற்காக அயோடினோடு புரோமினைக் கலந்தால், வெளிச்சத்தில் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து திட்டுத்திட்டாகிவிடும். விளக்கை அணைத்தால் மெல்ல மறுபடி கலக்கும். இதனால் கலத்துக்கு இரவில் ஓரளவு உடம்பு தேறுகிறது, பகலில் மறுபடி கெடுகிறது. சில கலங்களுக்கு விடாமல் அடிக்கும் வெளிச்சத்தைவிடப் பகல்-இரவு மாற்றமே கடுமையாக இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் 24 மணி நேரமும் விளக்கடித்துச் சோதித்த கணக்கு மாடியில் பலிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஈரம் மூன்றாவது. இது உப்பு போன்ற படிகம், தண்ணீர் பட்டால் குலையும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, விளிம்பில் பியூட்டைல் ரப்பர் அடைத்து இதை ஓரளவு வென்றிருக்கிறார்கள். ஐப்பசி மழையில் அந்த விளிம்புதான் அரண்.

நிழலும் பகைதான். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ தென்னை மட்டையின் நிழலோ ஒரு கலத்தின் மேல் மட்டும் விழுந்தால், வெயிலில் இருக்கும் மற்றக் கலங்கள் அதன் மேல் மின்னழுத்தத்தைத் தலைகீழாக ஏற்றும். சிலிக்கான் பேனல் இதை டயோடு வைத்துச் சமாளிக்கிறது. பெரோவ்ஸ்கைட் அதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே காயப்பட்டுப் பழையபடி தேறாமல் போகலாம்.

சோதனை என்று கம்பெனிகள் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். உலகெங்கும் பேனலுக்கு வைக்கும் பரீட்சைகளில் ஒன்று, 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம். அது 42 நாளுக்குள் முடிந்துவிடும், ஏறக்குறைய ஒரு மண்டலம். சிலிக்கானுக்கு அந்த ஒரு மண்டலம் போதும், ஏனென்றால் அதற்குப் பின்னால் பல பத்தாண்டு மாடி அனுபவம் இருக்கிறது. பெரோவ்ஸ்கைட்டுக்கு அந்த அனுபவம் இன்னும் சேரவில்லை. தவிர, அந்தப் பரீட்சை இருட்டில் நடக்கிறது. பெரோவ்ஸ்கைட்டைக் கெடுப்பதோ சூடும் வெளிச்சமும் சேர்ந்து. 2020-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, வெளிச்சம், சூடு, பகல்-இரவு எல்லாம் சேர்த்து எப்படிச் சோதிக்க வேண்டும் என்று பொதுவிதிகள் வகுத்ததற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு சிக்கல் இருந்தும் உலகம் இதை விடாமல் பிடித்திருப்பது எதற்காக? சிலிக்கானைத் தூக்கி எறிய அல்ல, அதன் தோளில் ஏற. இரண்டு சல்லடை வைத்துச் சின்ன வெங்காயம் தரம் பிரிப்பதைப் போல, மேலே பெரோவ்ஸ்கைட், கீழே சிலிக்கான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதி மேலே நிற்கும், அகச்சிவப்பு மேல் அடுக்கைக் கடந்து சிலிக்கானுக்குப் போகும். உயரமான வாய்க்காலுக்கு உயரமான நீர், தாழ்ந்த வாய்க்காலுக்குத் தாழ்ந்த நீர். ஒற்றைக் கலத்தின் 33.7 என்ற வேலி இதற்குக் கிடையாது. 2025 ஏப்ரலில் சீனாவின் லோங்கி நிறுவனம் இப்படியொரு சிறு கலத்தில் 34.85 சதவீதத்தை அறிவித்தது. 2024 செப்டம்பரில் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்ட் பிவி, ஜெர்மனியின் பிராண்டன்பர்க் ஆலையில் செய்த 24.5 சதவீத இரட்டைப் பேனல்களை முதன்முதலாக விற்பனைக்கு அனுப்பியது. 34-க்கும் 24-க்கும் நடுவே இருக்கும் தூரம், நகத்தளவுக்கும் கதவளவுக்கும் நடுவே இருக்கும் தூரம். நம் நாட்டில் ஐஐடி மும்பையில் தினேஷ் காப்ராவின் குழு, இரண்டையும் தனித்தனிக் கம்பிகளோடு அடுக்கி 30 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் ஆலை திறந்த ஃபர்ஸ்ட் சோலார் அங்கே செய்வது காட்மியம் டெல்லுரைடு என்ற வேறொரு மெல்லிய படலம். ஆனால் அதே நிறுவனம் 2023-இல் ஸ்வீடனின் எவோலார் என்ற பெரோவ்ஸ்கைட் நிறுவனத்தை வாங்கியிருக்கிறது. கண்ணாடியில் படலம் பூசும் தொழில் தமிழ்நாட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஈயத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. மக்காச்சோளமும் பருத்தியும் வெங்காயமும் விளையும் மண்ணுக்கு மேலே ஈயம் தொங்கலாமா? அந்தக் கால் பவுனில் ஈயம் மூன்றில் ஒரு பங்குதான், சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. கார் பேட்டரி ஒன்றில் இருப்பது கிலோக்கணக்கு. அளவில் பயமில்லை, வடிவத்தில்தான் கவலை. பேட்டரி ஈயத்தைப் போலன்றி, இந்த ஈய உப்பு தண்ணீரில் ஓரளவு கரையும். பேனல் உடைந்து மழையில் கிடந்தால் மண்ணுக்குள் இறங்கும். ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் படலத்தைக் கண்ணாடிக்கு உள்பக்கம் பூசும் வழிகள் இருக்கின்றன. ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் வைத்தால் அது காற்றுப் பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது, செயல்திறனும் பின்தங்கி நிற்கிறது. 2022-இன் மின்கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்க்கப்பட்டது. உடைந்த பேனலைக் காயலான் கடைக்குப் போடாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு தாலுகா வரைக்கும் வந்த பிறகே இந்த வகைப் பேனல் வயலுக்கு வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி முதல் கேள்வி. பொறுத்துக்கலாமா?

வேண்டாம். 3 கிலோவாட் சிலிக்கான் நம் பக்கத்து வெயிலில் நாளுக்கு 12 யூனிட் அளவில் தரும், ஆண்டுக்கு 4,000-க்கு மேல். மூன்று ஆண்டு காத்திருந்தால் 12,000 யூனிட் போனது போனதுதான். அரசு தரும் இலவச யூனிட்டுக்குள்ளேயே முடிகிற சின்ன வீடென்றால் அவசரமே இல்லை, அது வேறு கணக்கு. ஏசி, மோட்டார், கடை என்று கரண்டு கட்டணம் கையைக் கடிக்கிறவர்கள் இப்போதே சிலிக்கான் போடலாம். பேனலை மாடியோடு ஒட்டாமல், அடியில் காற்றோட்டம் இருக்கும்படி ஒன்றரை அடி உயர்த்தி வைத்தால் அந்த 14 சதவீத இழப்பில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். சிமென்ட் லாரி போகும் சாலையோர வீடென்றால் தூசியை அடிக்கடி கழுவ வேண்டும்.

சில ஆண்டு கழித்து யாராவது பெரோவ்ஸ்கைட் பேனலோடு கதவைத் தட்டினால், செயல்திறன் எத்தனை என்று கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். எத்தனை ஆண்டு வாரன்டி, அது எழுத்தில் இருக்கிறதா? 45 டிகிரி காற்றில், திறந்த வெளியில், எத்தனை கோடை ஓட்டிப் பார்த்தார்கள்? உடைந்தால் யார் வந்து எடுத்துப் போவார்கள்?

இரண்டாவது கேள்விக்கான பதிலை நாமே உண்டாக்கவும் முடியும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றுக்கு மொட்டைமாடியும் இருக்கிறது. ஒரு சிலிக்கான் பேனல், பக்கத்தில் ஒரு பெரோவ்ஸ்கைட் மாதிரி, ஒரு வெப்பமானி, ஒரு மீட்டர், தினமும் குறித்துவைக்க நான்கு மாணவர்கள். ஐந்து மே மாதங்களின் கணக்கு ஒரு நோட்டுக்குள் வந்துவிட்டால், அது பெரம்பலூர் வெயிலில் அளந்த கணக்காக இருக்கும். நாற்பது டிகிரியைக் காணாத ஊர்களின் ஆய்வுக்கூடங்கள் அதை நம்மிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.